ஏழாம் பலகை

மேசையைச் சுரண்டி முடித்த அன்று பிற்பகல் பாவ்லியென் முதலில் செய்த காரியம், வாசல் கதவைச் சாத்தியதுதான். யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக அல்ல. மழையில் நாலு மாடி ஏறி அந்த நேரத்துக்கு வருகிறவர் எவரும் கிடையாது. வாசம் வெளியே போய்விடக் கூடாது என்பதற்காக.

எலுமிச்சைத் தோலை இஞ்சியோடு சேர்த்து நசுக்கினால் வருகிற வாசம். மலைக்காட்டுச் சைப்ரஸ் மரம். நாற்பது வருஷத்துக்கு மேலாகப் பெயின்டுக்கு அடியில் மூச்சுக் காட்டாமல் கிடந்திருக்கிறது. நிறம், வேகவைத்த வேர்க்கடலையின் உள்தோல் மாதிரி. ரேகைகள் சீப்பால் வாரிவிட்டதுபோல ஒரே சீராக ஓடின. அவள் கையுறையைக் கழற்றிவிட்டு உள்ளங்கையால் ஒருமுறை தடவினாள். "நல்லாயிருக்கு" என்று வாய்விட்டுச் சொன்னாள். சொன்ன உடனே திரும்பிப் பார்த்தாள்.

பார்க்க ஆள் இல்லை. மூலையில் முக்காலியின் மேல் மாமியாருடைய காகிதப் பெயர்ப்பலகையும் சின்ன ஊதுபத்திக் கிண்ணமும் இரண்டு ஆரஞ்சும் இருந்தன. ஈரம் உறிஞ்சும் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. அதன் தொட்டியைக் காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை காலி செய்யவேண்டும். தைவானின் கீலுங் ஊரில் குளிர்கால மழை பிடித்துக்கொண்டால் சுவரே வியர்க்கும்.

இன்னும் பதினொரு நாள்தான் இருந்தது.

பதினொரு நாள் கழித்து, மாமியார் இறந்து ஒரு வருஷம் நிறைந்த மறுநாள், அவளுடைய ஊதுபத்திக் கிண்ணத்துச் சாம்பலில் மூன்று சிட்டிகை எடுத்துக் குடும்பத்தின் பெரிய கிண்ணத்தில் சேர்ப்பார்கள். அவள் பெயர், முன்னோர் பெயர்கள் இருக்கும் பெரிய பலகைக்குள் போகும். அதுவரை அவள் தனியாக முக்காலியில்தான் இருக்கவேண்டும். நாள் பார்க்கும் வூ, பஞ்சாங்கத்தை இரண்டு தடவை புரட்டிவிட்டுச் சொல்லியிருந்தார்: "இதை விட்டா அடுத்த நல்ல நாள் புத்தாண்டு தாண்டித்தான். அதுவரைக்கும் கிழவியை மூலையில உக்கார வெச்சிருப்பீங்களா?" அந்த நாளுக்குள், சுரண்டிய இந்தச் சாமி மேசை தயாராக வேண்டும். பெரிய பலகையும் கருணைத் தெய்வம் குவான்யினின் படமும் இரண்டு சிவப்பு விளக்கும் இப்போது மடக்கு மேசையில் சிவப்புத் துணி விரித்து ஒண்டிக்கொண்டிருந்தன.

மேசையைக் கையில் எடுத்ததற்குக் காரணம் இருந்தது. மாமியார் ஒவ்வொரு வருஷக் கடைசியிலும் பழைய பூச்சை எடுக்காமல் மேலேயே ஒரு பூச்சு பூசுவாள். எல்லா வீட்டுச் சாமி மேசைக்கும் உள்ள நிறம்தான்: கருஞ்சிவப்பான பன்றி ஈரல் நிறம். நாற்பது சொச்சம் பூச்சு சேர்ந்து மேசைக்கு ஒரு தோல் மாதிரி ஆகிவிட்டது. போன கோடையில் அது இளகி, பழத்தட்டு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. புது மேசை வாங்கலாம் என்று கணவன் குன்ஷான் சொன்னான். பாவ்லியென்தான் செவ்வாயும் வியாழனும் சாயங்காலம் நடுநிலைப் பள்ளியில் நடக்கிற மரச்சாமான் புதுப்பிக்கும் வகுப்பில் சேர்ந்தாள். பிறை வடிவக் கட்டை இரண்டைத் தரையில் போட்டு முன்னோரிடம் குறி கேட்டார்கள். "மேசையைச் சுத்தம் பண்ணிப் புதுசாக்கலாமா?" மூன்று தடவையும் "சரி" விழுந்தது.

புதுசாக்கலாம். ஆனால் எந்த நிறத்தில்? அதை அப்போது யாரும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய விஷயம் என்றே யாருக்கும் தோன்றவில்லை.

வகுப்பு நடத்திய ஃபாங் டீச்சர் அவளைவிடப் பதினைந்து வயது இளையவள். பாவ்லியென் கொண்டுபோன போட்டோவைப் பார்த்துவிட்டு அவள் சிரித்தாள்.

"அக்கா, இவ்வளவு அழகான மரத்தை இனிமே மூடாதீங்க."

"மூடலைன்னா இந்த நிறம் இப்படியே நிக்குமா?"

"நிக்காது. எண்ணெய் பட்டா மஞ்சளாகும், மெழுகு பட்டா கொஞ்சம் கறுக்கும். ஒண்ணுமே பூசலைன்னா பூஞ்சை வரும். இப்ப நீங்க பார்க்கிறது சுரண்டின அன்னிக்கு மட்டும் இருக்கிற நிறம்."

"அப்ப எதைப் பூசட்டும்?"

"உங்க ரசனைக்கு எது ஒத்துவருதோ, அதான் சரி."

பாவ்லியென் நோட்டில் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளும் வழக்கம் உள்ளவள். உப்புத்தாள் எண்கள், காயும் நேரம், எண்ணெய்த் துணியை நனைத்து வைக்காவிட்டால் தானே தீப்பிடிக்கும் என்ற எச்சரிக்கை. இதையும் எழுதினாள். "என் ரசனை" என்று எழுதி, பக்கத்தில் இரண்டு புள்ளி வைத்து, பக்கத்தின் மிச்சத்தை அப்படியே காலியாக விட்டாள்.

முறையாகச் செய்தால் விடை வரும் என்று நம்பினாள். மேசையின் உடைந்த இழுப்பறையின் பின்பலகை அதே மரம். அதை உள்ளங்கை அளவில் பன்னிரண்டு துண்டாக அறுத்து, தேய்த்து, பின்பக்கம் பென்சிலால் எண் போட்டாள். ஒன்றாம் பலகையில் பழைய ஈரல் நிறம். இரண்டில் வெறும் எண்ணெய். பிறகு மெழுகு, வால்நட் சாயம், கறுப்புக்குக் கிட்டே வருகிற ஒன்று, ஃபாங் டீச்சர் கொடுத்த வெள்ளைச் சாயம். ஏழாம் பலகை ஒரு விபத்து. குன்ஷான் பிளாஸ்கில் மிச்சம் வைத்திருந்த கருந்தேநீர் அதன்மேல் கொட்டிவிட்டது. துடைத்தபோது கறை சீராக இருந்தது. இன்னொரு தடவை தேநீர் தடவி, காயவைத்து, எண்ணெய் ஏற்றினாள். என்ன நிறம் என்று அவளால் பெயர் சொல்ல முடியவில்லை. நோட்டில் "7: தேநீர்" என்று மட்டும் இருந்தது. மிச்சம் ஐந்தில் முந்தியவற்றையே கலந்து பூசினாள்.

பன்னிரண்டையும் சமையலறையில் அரிசி வேகவைக்கிற குக்கருக்குப் பின்னால் வரிசையாக நிறுத்தினாள். காலையில் பார்த்தால் நான்காம் பலகை பிடித்தது. மதியம் ஒன்பதாம் பலகை. விளக்குப் போட்டதும் எதுவுமே பிடிக்கவில்லை.

குன்ஷான் நகரப் பேருந்து ஓட்டுகிறவன். துறைமுகத்திலிருந்து மேட்டுக் குடியிருப்புக்குப் போகும் வழித்தடம். வேலை முடிந்து வந்து, ஈரச் சாக்ஸோடு பலகைகள் முன்னால் நின்றான்.

"எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கு."

"கண்ணைத் தொறந்து பாருங்க. ஒண்ணு வெள்ளை, ஒண்ணு கறுப்பு."

"சரி, அது ரெண்டும் வேண்டாம். மிச்சம் எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கு. உனக்கு எது பிடிக்குது?"

அவள் வாயைத் திறந்தாள். மூடினாள். குக்கரின் மூடி தடதடத்தது.

"என்ன, சிக்னல் விழலையா?" என்றான் அவன்.

"உங்களுக்கு எதுன்னு சொல்லுங்களேன். நான் அதைப் பார்த்து..."

"எதைப் பார்த்து?"

இருபத்தேழு வருஷம் அவள் இந்த வீட்டில் ஒரு கிண்ணம்கூடத் தானாக எடுத்தது கிடையாது. மாமியார் கொடுமைக்காரி இல்லை. கடைக்குப் போனால் கூட்டிக்கொண்டு போவாள். இரண்டு மூன்றை முன்னால் வைத்து, "எது நல்லாயிருக்கு, சொல்லு" என்று கேட்கவும் செய்வாள். கல்யாணமான புதிதில் பாவ்லியென் இரண்டொரு முறை தப்பாகச் சொன்னாள், அல்லது தப்பு என்று அவளுக்குத் தோன்றியது. கிழவி முகத்தில் என்னவோ ஒரு சுளிப்பு ஓடியது. அதன்பிறகு அவள் ஒரு வித்தை கற்றுக்கொண்டாள். மாமியாரின் கண் எதன்மேல் ஒரு கணம் கூடுதலாக நிற்கிறது என்று பார்த்து, அதையே காட்டுவாள். ஒரு தடவையும் தவறியதில்லை. கூடத்து ஜன்னலில் தொங்கும் பச்சைத் திரை, சோற்றுக் கிண்ணம், குளியலறை ஓடு எல்லாம் அப்படி வந்தவை. அந்த வித்தையில் அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

இப்போது பார்ப்பதற்கு அந்தக் கண் இல்லை.

மேசையைச் சுரண்டி நான்கு நாள் இப்படியே போயிற்று. மரம் பூச்சில்லாமல் மழை ஈரத்தைக் குடித்துக்கொண்டிருந்தது. ஒரு காலில் சாம்பல் நிறத்தில் சின்னதாகப் பூஞ்சை கண்டது. அவள் அதை ஆல்கஹால் தொட்டுத் துடைத்தாள். மறுநாள் இன்னொரு காலில் கண்டது.

ஞாயிற்றுக்கிழமை குன்ஷானின் அக்கா சியூதாவ் தைப்பேயிலிருந்து வந்தாள். கையில் கோயில் தெருவில் வாங்கிய மீன்மாவு வறுவல் ஒரு பொட்டலம். குடையை வாசலில் உதறிவிட்டு உள்ளே வந்தவள், மேசையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"ஐயையோ. என்னடி இது, பொணப்பெட்டிக் கடை வாசல்ல சாத்தி வெச்ச பலகை மாதிரி!"

"அண்ணி, இன்னும் பூசலை..."

"ஏன் பூசலை? ஏழு நாள் இருக்கு! இந்த ஊர்ல பெயின்ட் காய மூணு நாள் வேணும், மழை பெஞ்சா அஞ்சு நாள். மழை எப்ப நிக்கும்? அடுத்த வருஷம் நிக்கும். டேய் குன்ஷான், நீ என்னடா பண்ணிட்டிருக்கே?"

"பஸ் ஓட்டிட்டிருக்கேன் அக்கா."

"வீட்டையும் கொஞ்சம் ஓட்டுறது. சாமி மேசைன்னா ஈரல் நிறம். இதுல யோசிக்க என்ன இருக்கு?"

பாவ்லியென் வறுவலைத் தட்டில் கொட்டி, இனிப்பு வெள்ளரி ஊறுகாயைப் பக்கத்தில் வைத்தாள். பிறகு, எதற்குச் செய்கிறோம் என்று தெரியாமலே, பன்னிரண்டு பலகைகளையும் கொண்டுவந்து தரையில் பரப்பினாள்.

சியூதாவ் ஒரு வறுவலைக் கடித்தபடி குனிந்து பார்த்தாள். "ஒண்ணுதான். வேற பேச்சே இல்லை." அடுத்த கடிக்கு, "இந்த நாலு... இது எங்க டாக்டர் வீட்டுல இருக்கிற மாதிரி இருக்கே. பரவாயில்லை." மூன்றாவது கடிக்கு, "சேச்சே, என்னைக் குழப்பாதே. ஒண்ணுதான்."

"பார்த்தியா அக்கா, உனக்கே ஆட்டம் காணுது" என்றான் குன்ஷான். "எதுக்கு நாம அடிச்சுக்கணும்? யாரு அந்த மேசையில உக்காரப் போறாளோ அவளையே கேட்டுடலாம்."

அதில் யாருக்கும் மறுப்பில்லை. பாவ்லியெனுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. கேட்டால் சொல்லிவிடுவாள்.

குன்ஷான் கைகழுவிவிட்டு வந்து, மூன்று ஊதுபத்தி ஏற்றி, முக்காலி முன்னால் நின்றான். தன் பெயர், தெரு, சந்து எண், நாலாவது மாடி எல்லாம் அம்மாவிடம் ஒழுங்காகச் சொன்னான். சிவப்புப் பிறைக்கட்டை இரண்டையும் உள்ளங்கையில் சேர்த்துப் பிடித்தான். கட்டைகளுக்கு ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் மேடு. ஒன்று தட்டையும் ஒன்று மேடுமாக விழுந்தால் சரி. இரண்டும் மேடு தெரிய விழுந்தால் மாட்டேன். இரண்டும் தட்டை தெரிய, முதுகில் கிடந்து ஆடினால், கேட்கப்பட்டவர் சிரிக்கிறார், அது பதில் ஆகாது. பெரிய விஷயமானால் தொடர்ந்து மூன்று "சரி" வேண்டும்.

"அம்மா, மேசைக்குப் பழைய ஈரல் நிறமே பூசலாமா, இல்ல வேற நிறம் பூசலாமா?"

கட்டைகள் விழுந்தன. இரண்டும் முதுகில் கிடந்து ஆடின.

மறுபடி கேட்டான். மறுபடி ஆடின. மூன்றாவது தடவையும்.

"முட்டாளே" என்றாள் சியூதாவ். "ரெண்டு கேள்வியை ஒண்ணாக் கட்டி கேட்டா அவ எதுக்குன்னு தலையாட்டுவா? சிரிக்காம என்ன பண்ணுவா? கொண்டா இங்கே." கட்டையைப் பிடுங்கிக்கொண்டு, குரலை இறக்கி, "அம்மா, சியூதாவ் வந்திருக்கேன். ஈரல் நிறம் பூசலாமா?"

இரண்டும் மேடு.

சியூதாவ் கட்டைகளையே பார்த்தாள். "கை வழுக்கிடுச்சு. வறுவல் எண்ணெய்." கைகழுவிவிட்டு வந்து போட்டாள். மேடு.

"சரிம்மா. அப்ப மரத்தை அப்படியே விடணுமா?" மேடு.

"அப்பாடா" என்றாள். பிறகு, "அப்ப என்னதான் வேணும் உனக்கு?" என்றாள். அது கேள்வி ஆகாது என்பதால் கட்டை போடவில்லை.

பாவ்லியென் ஒவ்வொரு பலகையாக முக்காலி முன்னால் வைத்தாள். சியூதாவ் போட்டாள். நோட்டில் எண் எண்ணாகக் குறித்துக்கொண்டே வந்தாள் பாவ்லியென். இரண்டுக்கும் மூன்றுக்கும் சிரிப்பு. நான்குக்கு ஒரு "சரி", பிறகு "மாட்டேன்". ஐந்துக்கும் ஆறுக்கும் எடுத்த எடுப்பிலேயே "மாட்டேன்". ஏழாம் பலகையை வைத்தபோது "சரி" விழுந்தது. மறுபடி "சரி". மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சியூதாவ் மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்றாம் தடவை போட்டாள். ஒரு கட்டை தட்டை தெரிய விழுந்தது. இன்னொன்று ஓடு பாவிய தரையில் துள்ளி, உருண்டு, ஃபிரிட்ஜுக்கு அடியில் போய்விட்டது.

"தொடாதே!" என்று கத்தினாள் சியூதாவ். ஆனால் குன்ஷான் ஏற்கனவே மண்டியிட்டு, துணி உலர்த்தும் கோலால் அதை வெளியே தள்ளிக்கொண்டிருந்தான். ஒரு பழைய பூண்டுப் பல், ஒரு பேருந்து டோக்கன், பிறகு கட்டை வந்தது.

"எப்படிடா கிடந்தது?"

"இருட்டுல என்ன தெரியும்? மேடுன்னுதான் நினைக்கிறேன்."

"நினைக்கிறியா, பார்த்தியா?"

"பார்த்த மாதிரி நினைக்கிறேன்."

"செல்லாது. பார்க்காத கட்டை செல்லாது."

"அப்ப திரும்பப் போடு."

"திரும்பப் போட்டா முதல் ரெண்டும் சேருமா சேராதா? மூணும் முதல்லேருந்தா?"

யாருக்கும் தெரியவில்லை. முதலிலிருந்து போட்டார்கள். சிரிப்பு விழுந்தது. நோட்டில் ஏழுக்கு எதிரே பாவ்லியென் "சரி, சரி, ஃபிரிட்ஜ்" என்று எழுதினாள். பன்னிரண்டும் முடிந்தபோது எதற்கும் மூன்று கிடைக்கவில்லை. ஊதுபத்தி அடிவரை எரிந்துவிட்டது. ஆரஞ்சில் ஒன்றைக் குன்ஷான் உரித்துத் தின்றுகொண்டிருந்தான்.

வெளியே மழை தகரக் கூரைகளின்மேல் ஒரே சுருதியில் பெய்தது. பாவ்லியென் நூடுல்ஸ் வேகவைத்து, முட்டைக்கோஸும் காய்ந்த இறாலும் போட்டுக் கொண்டுவந்தாள். மூவரும் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, கிண்ணத்தை முகத்தோடு வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

"அத்தைக்கு ஈரல் நிறம் வேண்டாம்னு விழுந்ததுதான் எனக்குப் புரியல" என்றாள் பாவ்லியென். "வருஷா வருஷம் அதைத்தானே பூசினாங்க."

சியூதாவ் நூடுல்ஸை உறிஞ்சி முடித்தாள். "அது அவ எடுத்த நிறமா என்ன? அப்பா கப்பல் பட்டறையில இருந்தாரில்ல. கப்பல் அடியில அடிக்கிற ரெட் ஆக்சைடு ஒரு டப்பா மிஞ்சிப்போச்சுன்னு கொண்டுவந்து, அம்மா சந்தைக்குப் போயிருந்தப்ப மேசைக்கு அடிச்சுட்டார். டப்பாவைத் தூக்கிட்டு வந்ததே நான்தான். எனக்கு அப்ப பத்து வயசு. அம்மா மூணு நாள் அவரோட பேசல."

பாவ்லியெனுக்கு நினைவு வந்தது. அடியில் இருந்த கடைசி அடுக்கு மட்டும் பெயின்ட் எடுக்கும் மருந்துக்கு இளகாமல், சுரண்டியை இரண்டு தடவை மழுங்கடித்தது. கப்பல் பெயின்ட்.

"அப்புறம் ஏன் அதையே பூசினாங்க?"

"மேல வேற நிறம் பூசினா அடியில இருக்கிறது தெரியும்ல. அப்புறம் பழகிப்போச்சு. அப்புறம் எல்லாரும் சாமி மேசைன்னா அதுதான்னு சொன்னாங்க. நானும்தான் சொன்னேன், கொஞ்ச நேரம் முன்னால." சியூதாவ் சாப்ஸ்டிக்கால் ஜன்னல் பக்கம் காட்டினாள். "அம்மாவுக்கு என்ன பிடிக்கும்னு யாருக்குத் தெரியும்? அந்தப் பச்சைத் திரை. அதைப் பார்த்தாலே குளத்துக்குள்ள உக்கார்ந்த மாதிரி இருக்குன்னு போன்ல எங்கிட்ட எத்தனை வாட்டி சொல்லியிருக்கா தெரியுமா?"

பாவ்லியென் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"அத்தைக்குப் பச்சைத் திரை பிடிக்காதா?"

"சுத்தமாப் பிடிக்காது. நீ ஆசைப்பட்டேன்னுதானே வாங்கினா."

"நானா?"

"தனக்கு எது பிடிக்கும்னு வாயைத் திறந்து சொல்லவே மாட்டேங்கிறா, அவ கண்ணைப் பார்த்துத்தான் எடுக்கவேண்டியிருக்குன்னு சொல்லுவா. வாயில்லாத பொண்ணு, ஆனா திரைச்சீலைக் கடையில அந்தப் பச்சையையே பார்த்துட்டு நின்னான்னு சொன்னா."

"அண்ணி, நான் அத்தை எதைப் பார்க்கிறாங்கன்னு பார்த்தேன். அவங்க பச்சையைப் பார்த்தாங்க."

"அவ நீ பார்க்கிறதைப் பார்த்திருப்பா."

"நான் அவங்க பார்க்கிறதைப் பார்த்தேன்."

"அப்ப பச்சையை முதல்ல யாரு பார்த்தது?" என்றான் குன்ஷான்.

மூவரும் திரையைப் பார்த்தார்கள். குன்ஷான் முதலில் சிரித்தான். பிறகு சியூதாவ் சிரித்தாள், வாயில் நூடுல்ஸோடு, இருமிக்கொண்டு. பாவ்லியெனுக்குச் சிரிப்பு வந்ததா வேறேதாவது வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. சோற்றுக் கிண்ணம், குளியலறை ஓடு, போர்வை என்று ஒவ்வொன்றாக மனதில் வந்து நின்றன. இருபத்தேழு வருஷம் இரண்டு பெண்கள் ஒருத்தி கண்ணை ஒருத்தி பார்த்து, யாருமே விரும்பாத ஒரு வீட்டைப் பொருள் பொருளாகச் சேர்த்திருக்கிறார்கள். தன் வித்தை ஒருமுறையும் தவறியதில்லை என்று நினைத்திருந்தாளே, ஒருமுறையாவது சரியாக இருந்ததா? புதிதில் ஓடிய அந்தச் சுளிப்புகூட, தன் மனதைப் படிக்க முயன்ற முகமாக இருந்திருக்கலாம். இனி யாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது?

"இன்னொரு வாட்டி நீயே போட்டுப் பாரு" என்று சியூதாவ் கட்டைகளை நீட்டினாள். "உன்கிட்டத்தான் பேசுவாளோ என்னவோ."

பாவ்லியென் வாங்கிக்கொண்டு முக்காலி முன்னால் போய் நின்றாள். பெயர் சொன்னாள், சந்து எண் சொன்னாள், நாலாவது மாடி என்றாள். கட்டைகளை உள்ளங்கையில் சேர்த்துப் பிடித்தாள். கேட்டால் மறுபடி சிரிப்புத்தான் விழும் என்று பட்டது. அந்தப் பக்கத்திலும் ஒருத்தி இவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, இவள் கண் எதில் நிற்கிறது என்று காத்திருந்தால், வேறு எப்படி விழும்?

"அத்தை," என்றாள். "அத்தை, எனக்கு ஏழாம் பலகை பிடிச்சிருக்கு."

கட்டைகளைப் போடாமல் தட்டில் வைத்தாள்.

"இது கேள்வியே இல்லையே" என்றாள் சியூதாவ்.

"ஆமா அண்ணி. கேக்கலை. சொன்னேன்."

"நிஜமாவே பிடிச்சிருக்கா?" என்றான் குன்ஷான்.

"அப்படித்தான் நினைக்கிறேன்" என்றாள்.

அன்றே தேநீர் காய்ச்சினாள். குன்ஷான் பேருந்துக்குக் கொண்டுபோகும் அதே மலிவான கருந்தேயிலை, ஒரு பெரிய பாத்திரம். ஒரே சீராக, நிறுத்தாமல், ஈரம் காயும் முன் ஓரம் சேரும்படித் தடவவேண்டும். நடுவில் நிறுத்தினால் கோடு விழும். சியூதாவ் முணுமுணுத்துக்கொண்டே மறுமுனையிலிருந்து துணி பிடித்தாள். முதல் தடவல் காய்ந்தபோது மேசை அழுக்குத் தண்ணீர் மாதிரி இருந்தது. பாவ்லியென் நோட்டை எடுத்துப் பார்த்தாள். ஏழாம் பலகையும் முதலில் அப்படித்தான் இருந்ததா என்று எழுதி வைக்கவில்லை. எல்லாவற்றையும் எழுதியவள் அதை எழுதவில்லை. மறுநாள் இரண்டாம் தடவல். புதனன்று எண்ணெய். எண்ணெய் உள்ளே இறங்க இறங்க ரேகைகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. ஈரம் உறிஞ்சும் மெஷினைப் பக்கத்து வீட்டிலிருந்தும் ஒன்று கடன் வாங்கி, இரண்டையும் மேசைக்கு இருபக்கமும் நிறுத்தினாள். துணிகளை வாளியில் நனைத்துப் போட்டாள். மூன்று நாள் வீடு முழுக்கத் தேயிலையும் இஞ்சியும் மணந்தது. சனிக்கிழமை விரலை வைத்து எடுத்தாள். ஒட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குள் கூடம் நிறைந்துவிட்டது. முழுக்கோழி, பன்றித் தொடைக்கறி, வறுத்த மீன், மாவுப் பண்டம், பழங்கள். குன்ஷானின் சித்தப்பா மேசையைச் சுற்றி ஒருமுறை நடந்து, குனிந்து முகர்ந்தார்.

"இது என்ன நிறம்?"

பழக்கதோஷத்தில் எல்லோரும் மூலையிலிருந்த முக்காலியைப் பார்த்தார்கள். பிறகு சியூதாவைப் பார்த்தார்கள். அவள் பாவ்லியெனைப் பார்த்தாள்.

"நான் பூசினது சித்தப்பா. தேநீர்."

"தேநீரா! முன்னோர் தாகமா இருந்தா நக்கிக்கலாம்னா?"

"பத்து வருஷம் ஊதுபத்திப் புகை பட்டா எல்லாம் ஈரல் நிறம்தான் ஆகப்போகுது" என்றாள் சியூதாவ். "நீங்க கோழியைத் திருப்பி வையுங்க, தலை உள்பக்கம் இருக்கணும்."

மூன்று சிட்டிகைச் சாம்பல் பெரிய கிண்ணத்துக்குப் போயிற்று. பெயர் பலகைக்குள் போயிற்று. காகிதப் பலகையை எரித்தார்கள். முக்காலி காலியாக நின்றது. ஊதுபத்தி பாதி எரிந்ததும் குன்ஷான் கட்டைகளை எடுத்தான். எல்லோரும் பின்னால் நின்றார்கள்.

"அம்மா, இடம் பிடிச்சிருக்கா, திருப்தியாச் சாப்பிட்டு முடிச்சியா?"

கட்டைகள் முதுகில் கிடந்து ஆடின.

சித்தப்பா மேசையையும் பாவ்லியெனையும் மாறி மாறிப் பார்த்தார். "நிறம் பிடிக்கல போலிருக்கு" என்றார், மெதுவாக, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி.

நிஜமாகவே அப்படியோ? ஒரு கணம் பாவ்லியெனும் அதை நம்பினாள். பிறகு தரையில் ஆடி அடங்குகிற கட்டைகளைப் பார்த்தாள்.

"இல்ல சித்தப்பா," என்றாள். "இவர் திரும்பவும் ரெண்டு கேள்வியை ஒண்ணாக் கேட்டுட்டார். ஒவ்வொண்ணாக் கேளுங்க."

குன்ஷான் தலையைச் சொறிந்தான். "அம்மா, சாப்பிட்டு முடிச்சியா?" என்று மட்டும் கேட்டான்.

ஒன்று தட்டை, ஒன்று மேடு.

"போதும் போதும், எடு" என்று ஆட்கள் கோழியைப் பார்த்துக் கலைந்தார்கள். இடம் பிடித்திருக்கிறதா என்பதை அதற்குப்பிறகு யாரும் கேட்கவில்லை. கேட்கவேண்டாம் என்று பாவ்லியெனும் நினைத்தாள், கேட்டிருக்கலாமோ என்றும் நினைத்தாள்.

எல்லோரும் சாப்பிட்டுக் கிளம்பியபின், பிற்பகலில், மழை கொஞ்சம் விட்டது. அவள் காலியான முக்காலியை இழுத்துப்போட்டு மேசைக்கு எதிரே உட்கார்ந்தாள். பலகைகளைச் சமையலறை வெளிச்சத்தில்தான் பார்த்திருந்தாள். இங்கே, இடத்தில் வைத்துப் பார்க்கும்போது, மேசை ஏழாம் பலகை மாதிரி இல்லை. வேறு ஏதோ நிறமாக இருந்தது. ஏன் என்று புரிய நேரம் பிடித்தது. ஜன்னலில் தொங்கிய திரை வழியாக வந்த வெளிச்சம் அதன்மேல் பச்சையாகப் பாய்ந்திருந்தது, குளத்துக்கடியில் கிடக்கும் பொருள்மேல் பாய்வதுபோல.

குன்ஷான் பாத்திரங்களை அடுக்கிவிட்டு வந்து பின்னால் நின்றான். அவனும் அதைப் பார்த்தான்.

"அம்மாவுக்கும் பிடிக்கல. உனக்கும் பிடிக்கலைன்னு ஆயிடுச்சு. கழட்டிடட்டுமா?" என்று திரைக்குக் கை நீட்டினான்.

பாவ்லியென் திரையைப் பார்த்தாள். பத்தொன்பது வருஷமாக ஒவ்வொரு காலையும் விலக்கி, ஒவ்வொரு சாயங்காலமும் இழுத்துவிட்ட திரை. மடிப்புகளுக்குள் இருக்கும் பச்சை வேறு, வெளியே வெளுத்த பச்சை வேறு என்பதை அவள் இதுவரை கவனித்ததில்லை.

"இருங்க," என்றாள். "எனக்கு அது பிடிச்சிருக்கா இல்லையான்னு நான் இன்னும் பார்க்கவே இல்லை."